நெஞ்சுக்குள் மண்டபம் கட்டிய துறவி: மத்தேயு றிச்சி அடிகளார்



தமிழ் படிக்கத் தொடங்கும் எங்கள் பிள்ளைக்கு உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18, இரண்டும் கூடிப் பிறக்கும் உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று; ஆக 247 எழுத்துக்கள். எண்ணிக்கை பெரிதாகத் தோன்றினாலும் பயமில்லை. ஓசையை அறிந்த பிள்ளை எழுத்தை அறிந்துவிடும். எழுத்தை அறிந்த பிள்ளை, முன்பின் காணாத சொல்லையும் கூட்டி வாசித்துவிடும்.

சீன எழுத்தின் நிலை வேறு. அங்கே கருத்துக்குக் கருத்து எழுத்து வேறுபடும். மலைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று, கவலைக்கு ஒன்று என ஆயிரக்கணக்கில் உண்டு. இவ்வெழுத்துக்களையே யப்பானியர் பழங்காலத்தில் சீனரிடமிருந்து பெற்று, கான்ஜி என்ற பெயரில் இன்றும் எழுதி வருகின்றனர். யப்பானிய அரசு அன்றாடப் பாவனைக்கென வகுத்து 2010ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 கான்ஜி எழுத்துக்கள் இருக்கின்றன. அந்நாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூட வாழ்க்கை முழுவதையும் அவற்றைப் பாடமாக்குவதில் செலவிடுகின்றனர். வெளிநாட்டார் படும் பாட்டைச் சொல்லவே வேண்டியதில்லை.

இன்று கான்ஜி படிக்கும் வெளிநாட்டார் பலர் ஓர் உபாயத்தைக் கையாளுகின்றனர். கடினமான எழுத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, துண்டுகளை இணைத்து ஒரு கதையோ காட்சியோ புனைந்து, அக்காட்சியை மனத்தில் பதித்துக்கொள்கின்றனர். பிற்காலத்தில் நாகோயா நகரிலுள்ள நன்சான் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹைசிக் என்பவர் 1977ஆம் ஆண்டில் எழுதிய நூல் இவ்வழியைப் பிரபலமாக்கியது. ஆனால் அதற்கு ஏறக்குறைய 380 ஆண்டுகளுக்கு முன்னரே, 1596ஆம் ஆண்டில், சீனாவின் நடுவே இருந்துகொண்டு, சீன மொழியிலேயே இதை எழுதி வைத்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு. அவர்தான் யேசு சபையைச் சேர்ந்த மத்தேயு றிச்சி அடிகளார். அவருடைய வாழ்க்கையை இவ்வாரம் உங்கள் முன் வைக்கின்றோம்.

மருந்துக்கடைக்காரரின் மூத்த மகன்

இத்தாலியின் மச்செராத்தா நகரில் 1552ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் நாள் மத்தேயு பிறந்தார். அந்நாட்களில் அது பாப்பரசரின் ஆட்சிக்குட்பட்ட நகர். தந்தை ஜொவான்னி பத்திஸ்தா றிச்சி மருந்துக்கடை நடத்தியவர். தாயார் ஜொவான்னா. மத்தேயு பிறந்து இரண்டு மாதங்கள் கூட நிறையாத நிலையில், டிசம்பர் 3ஆம் நாள், சீனக் கரைக்கு அண்மையிலுள்ள சான்சியான் தீவில், சீனாவுக்குள் கால் வைக்க முடியாத ஏக்கத்தோடு புனித பிரான்சிஸ் சவேரியார் உயிர் நீத்தார். சவேரியாருக்குத் திறவாத கதவு அப்போது தொட்டிலில் கிடந்த இந்தக் குழந்தைக்குத் திறக்கும் என்று எவர் நினைத்திருப்பார்?

யேசு சபையார் தமது ஊரில் நடத்திய பள்ளியிற் படித்த மத்தேயுவை, சட்டம் கற்று உயர்பதவி பெறட்டும் என்று தந்தை 1568இல் உரோமாபுரிக்கு அனுப்பினார். மகனோ 1571ஆம் ஆண்டு தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று யேசு சபையின் நவசந்நியாச மடத்துக் கதவைத் தட்டினார். செய்தி கேட்ட தந்தை மகனை மீட்டு வருவதற்கு உடனே புறப்பட்டார். வழியில் தொலெந்தீனோ என்ற ஊரில் கடுங்காய்ச்சல் அவரைக் கிடத்திவிட்டது. இது இறைவனின் சித்தம் என்று உணர்ந்த அவர் வீடு திரும்பி, மகனுக்கு மனமுவந்து சம்மதம் எழுதி அனுப்பினார். பெற்றோரே, பிள்ளையைக் கடவுளுக்குக் கொடுப்பது எளிதல்ல என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தத் தந்தை கொடுத்தார்.

உரோமைக் கல்லூரியில் மத்தேயுவுக்குக் கணிதம் கற்பித்தவர் கிறிஸ்தோபர் கிளாவியுஸ் அடிகளார். 1582இல் 13ஆம் கிரகோரி பாப்பரசர் நாட்காட்டியைத் திருத்தியபோது அப்பணியில் முன்னின்ற மேதை இவரே. அக்கல்லூரியில் கணிதத்தோடு மற்றொரு கலையும் கற்பிக்கப்பட்டது. அதுவே நினைவுக்கலை.

இக்கலை கிரேக்கரிடமிருந்து உரோமருக்கு வந்தது. சிமோனிதேஸ் என்னும் கிரேக்கப் புலவர் ஒரு விருந்திலிருந்து வெளியே சென்ற நேரம் மண்டபத்துக் கூரை இடிந்து விழுந்து உள்ளிருந்தோர் யாவரும் மாண்டனர் என்பது பழங்கதை. உடல்களை அடையாளம் காண உறவினரால் முடியவில்லை. புலவர் மட்டும் எவர் எவர் எந்த எந்த இடத்தில் அமர்ந்திருந்தனர் என்பதை மனக்கண்ணில் கண்டு ஒவ்வொருவராகச் சொன்னாராம். இடத்தைப் பிடித்தால் நினைவு நிலைக்கும் என்ற பாடம் அன்று பிறந்தது. மனத்துக்குள் ஒரு மண்டபம் கட்டிக்கொள்ளுங்கள். நினைவிற் கொள்ள வேண்டியவற்றைப் படங்களாக்கி மூலைக்கொன்றாக வையுங்கள். பின்னர் மண்டபத்துக்குள் நடந்து சென்றால் ஒவ்வொன்றும் வைத்த இடத்திலேயே உங்களை வரவேற்கும். இதுவே அக்கலையின் சாரம்.

கொச்சியில் குருத்துவம்

1578ஆம் ஆண்டு மார்ச் மாதம் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறிய மத்தேயு, செப்டெம்பர் 13ஆம் நாள் கோவாவில் இறங்கினார். அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேயே, அதே சபையைச் சேர்ந்த அண்டிறிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் என்னும் தமிழ் நூல் கொல்லத்தில் அச்சேறியது. தமிழ் எழுத்தை ஒரு யேசு சபைத் துறவி அச்சுக்குக் கொண்டுவந்த மாதத்தில், சீன எழுத்தை நெஞ்சுக்குக் கொண்டுவரப்போகும் இளைஞர் அதே மேற்குக் கரையில் இருந்தார்.

கோவாவிலும் கொச்சியிலும் இளம் மாணவருக்கு மொழி கற்பித்த மத்தேயு, 1580ஆம் ஆண்டு யூலை மாதம் கொச்சியில் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் கோவாவில், இந்தியராய்ப் பிறந்த மாணவருக்கு உயர்ந்த கல்வி கொடுத்தால் அவர்கள் செருக்குறுவர் என்று சொல்லி, மெய்யியல் இறையியல் வகுப்புக்களை அவர்களுக்கு அடைத்துவிட முற்பட்டனர் சிலர். இளங்குருவான றிச்சி அடிகளார் 1581இல் உரோமாபுரியிலிருந்த சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதி இதை வன்மையாகக் கண்டித்தார். இம்மக்களை அறியாமையில் வைத்திருப்பது நீதியல்ல என்பது அவர் கருத்து. அப்போது அவருக்கு வயது 29. கிழக்கு நாட்டு மக்களை அவர் எந்தக் கண்ணோடு பார்த்தார் என்பதற்கு இக்கடிதம் சான்று.

குதிரையின் படம்

கிழக்குத் திருமறைப் பணிகளுக்குப் பொறுப்பாயிருந்த வலிஞ்ஞானோ அடிகளார், சீனரிடம் செல்வோர் முதலில் சீனம் கற்க வேண்டும் என்று உறுதியாகத் தீர்மானித்திருந்தார். அவர் கட்டளைப்படி மைக்கேல் றுஜ்ஜேரி அடிகளார் 1579 முதல் போர்த்துக்கேயரின் குடியேற்றமான மக்காவோவில் இருந்துகொண்டு இம்மொழியோடு போராடி வந்தார். ஆசிரியருக்கு மாணவரின் மொழி தெரியாது. மாணவருக்கு ஆசிரியரின் மொழி தெரியாது. அவருடைய முதல் ஆசிரியர் ஓர் ஓவியர். குதிரை என்ற சொல்லைக் கற்பிக்க வேண்டுமானால் அவர் முதலில் ஒரு குதிரையை வரைந்து, அதன் மேல் குதிரைக்குரிய எழுத்தை எழுதி, ஓசையைச் சொல்லிக் காட்டுவார். இப்படிப் படம் படமாக, எழுத்து எழுத்தாகக் கல்வி நடந்தது.

1582ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆம் நாள் றிச்சி அடிகளார் மக்காவோ வந்து இப்பணியில் இணைந்தார். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் இருவரும் சீனாவுக்குள் சாவ்சிங் என்னும் நகரிற் குடியேறினர். சேர்ந்து ஒரு போர்த்துக்கேய-சீன அகராதியைத் தொகுத்தனர். பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்த அக்கையெழுத்துப் பிரதி 1934இல் உரோமாபுரியில் யேசு சபையின் சுவடிக்கூடத்தில் கண்டெடுக்கப்பட்டது.

சாவ்சிங் மக்கள் இவர்களது மணிக்கூட்டையும், ஒளியை வண்ணமாகப் பிரிக்கும் கண்ணாடியையும், 1584இல் றிச்சி அடிகளார் சீன எழுத்தில் வரைந்த உலகத் தேசப்படத்தையும் பார்க்கத் திரண்டு வந்தனர். எனினும் துன்பமும் கூடவே வந்தது. 1589இல் புதிய அதிகாரி அவர்களை வெளியேற்றினார். சாவ்சோ என்ற ஊருக்குச் சென்றார்கள். 1592இல் அங்கே இரவு நேரத்தில் ஒரு கூட்டத்தார் வீட்டைத் தாக்கியபோது அடிகளார் யன்னல் வழியாகக் குதித்துக் காலைக் காயப்படுத்திக்கொண்டார். அந்தக் கால் அவர் சாகும் வரை வலித்தது. 1595இல் வடக்கே செல்லும் பயணத்தில் படகு ஆற்றிற் கவிழ்ந்தது. கூட வந்த இளைஞர் ஜுவாம் பராதாஸ் மூழ்கி இறந்தார். நீச்சல் அறியாத அடிகளாருக்கு ஒரு கயிறு கையில் அகப்பட்டதால் உயிர் தப்பியது.

இத்தனைக்கும் நடுவே அவர் எழுத்துக்களைக் கைவிடவில்லை. சீன மாணவர் பாடமாக்கும் கொன்பியூசியஸ் மரபு நூல்கள் நான்கையும் தாமும் கற்று இலத்தீனில் மொழிபெயர்த்தார். முன்னர் பௌத்த துறவியரைப் போலத் தலை மழித்து உடுத்தியிருந்தவர், 1595 முதல் தாடி வளர்த்துச் சீனக் கல்விமானின் பட்டாடை அணியலானார்.

விருந்தில் நடந்தது

அந்த 1595ஆம் ஆண்டில் அடிகளார் நான்சாங் நகரை அடைந்தார். அது கல்விமான்கள் நிறைந்த நகர். சீனப் பேரரசில் அரச பதவிக்கு வழி ஒன்றே, அது பரீட்சை. அதற்குப் பழைய நூல்களை எழுத்துப் பிசகாமல் நெஞ்சில் வைத்திருக்க வேண்டும். தலை நரைக்கும் வரை திரும்பத் திரும்பத் தோற்றியவர்களும் இருந்தனர். ஒரு மகன் சித்தியடைந்தால் குடும்பம் உயரும். தவறினால் தலை குனியும்.

ஒரு நாள் அந்நகரத்து அறிஞர் சிலரின் விருந்தில், தொடர்பில்லாத சீன எழுத்துக்கள் பலவற்றைத் தம் மனம்போல் எழுதித் தரும்படி அடிகளார் கேட்டார். எழுதிக் கொடுத்தனர். அவர் ஒருமுறை வாசித்தார். பின்னர் தாளைப் பாராமல் முதலிலிருந்து கடைசி வரை ஒப்புவித்தார். வியப்பு அடங்குமுன்னே கடைசியிலிருந்து முதல் வரை தலைகீழாகவும் ஒப்புவித்தார். விருந்தினர் திகைத்துப் போயினர்.

செய்தி மாகாண ஆளுநர் லு வான்காய் காதுக்கும் எட்டியது. அவருக்குப் பரீட்சைக்குப் படிக்கும் மைந்தர் மூவர். தம் மக்களுக்கு இந்த வித்தையைக் கற்றுத்தர வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அடிகளார் இசைந்து, 1596இல் மேற்கு நாட்டு நினைவுக்கலை பற்றிச் சீன மொழியில் ஒரு சிறு நூலை எழுதிக் கொடுத்தார்.

நான்கு மூலைகள், நான்கு எழுத்துக்கள்

அந்நூலில் அவர் தரும் உதாரணத்தை நீங்களும் செய்து பார்க்கலாம்.

தெற்கு நோக்கிய வாசலுடைய ஒரு வரவேற்பு மண்டபத்துக்குள் நுழைவதாக எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் வலப்பக்கம் வாசலோரத்தில் தென்கிழக்கு மூலை. அங்கே இரண்டு போர்வீரர் கட்டிப் புரளுகின்றனர். ஒருவன் ஈட்டியை ஓங்குகிறான். மற்றவன் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தடுக்கிறான். போர் என்னும் பொருளுடைய எழுத்து இது. அதற்குள் இரண்டு துண்டுகள் உண்டு: ஒன்று ஆயுதத்தைக் குறிக்கும், மற்றது தடுத்தலைக் குறிக்கும்.

அப்படியே நடந்து வடகிழக்கு மூலைக்குச் செல்லுங்கள். அங்கே சீனத்தின் மேற்கெல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு பெண் நிற்கிறாள். மேற்கு என்ற எழுத்தைப் போன்ற வடிவம் மேலேயும் பெண் என்ற எழுத்து கீழேயும் சேர்ந்தால், வேண்டுதல் அல்லது தேவை என்ற பொருளுடைய எழுத்து கிடைக்கும்.

வடமேற்கு மூலையில் ஒரு விவசாயி. கையிலே அரிவாள். விளைந்த கதிரை அறுக்கப்போகிறான். தானியமும் கத்தியும் சேர்ந்த எழுத்துக்கு இலாபம், ஆதாயம் என்று பொருள்.

வாசலின் இடப்பக்கத்துத் தென்மேற்கு மூலையில் ஒரு பெண் குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கிறாள். பெண்ணும் பிள்ளையும் சேர்ந்த எழுத்துக்கு நன்மை என்று பொருள்.

இவை எழுத்துக்களின் உண்மையான பிறப்பு வரலாறு என்று எண்ண வேண்டாம். சில இடங்களில் வரலாறும் கதையும் ஒத்துப்போகும். சில இடங்களில் ஒத்துப்போகா. நினைவுக்குக் கைகொடுக்கும் காட்சிகளே இவை. இந்த நான்கு எழுத்துக்களும் இன்றும் யப்பானியரின் அன்றாடக் கான்ஜிப் பட்டியலில் இருக்கின்றன. இன்று யப்பானிய மொழி கற்கும் மாணவன் பெண்ணையும் பிள்ளையையும் சேர்த்து அந்த எழுத்தை ஞாபகத்தில் வைக்கும்போது, தான் அறியாமலே அடிகளாரின் மண்டபத்துக்குள் ஒரு முறை நுழைந்து வருகிறான்.

அடிகளார் விதிகளையும் வகுத்தார். மண்டபம் உண்மையாக நீங்கள் கண்டதாக இருக்கலாம். முற்றிலும் கற்பனையாக இருக்கலாம். அல்லது இருக்கும் வீட்டில் இல்லாத கதவொன்றைத் திறந்து பாதி உண்மையும் பாதி கற்பனையுமாக அமைக்கலாம். இடம் துப்புரவாகவும் ஈரமின்றியும் இருக்க வேண்டும். வெளிச்சம் கண் கூசுமளவுக்கும் வேண்டாம், இருளும் வேண்டாம். வைக்கும் படங்கள் உயிரற்ற பொம்மைகளாக இராமல், அசைந்து, பார்ப்பவர் மனத்தைத் தொட வேண்டும். மனத்தைத் தொடாதது மனத்தில் தங்காது.

இன்னுமொன்று. அடிகளார் சீனாவில் வழங்கிய பெயர் லி மாதௌ. லி என்பது றிச்சி என்பதன் சுருக்கம். மாதௌ மத்தேயுவைக் குறிக்கும். அந்த லி என்ற குடும்பப் பெயருக்கு அவர் எழுதிய எழுத்து எது தெரியுமா? கதிரும் கத்தியும் சேர்ந்த, ஆதாயம் என்ற பொருளுடைய அதே எழுத்து. தம் பெயரையே மூன்றாம் மூலையில் வைத்தார். அவர் நாடிய அறுவடை எது என்பது அவருக்குத் தெரியும்.

ஆளுநர் மகனின் தீர்ப்பு

ஆளுநரின் மூத்த மகன் நூலைக் கருத்தோடு படித்தான். பின்னர் தன் கருத்தைச் சொன்னான். விதிகள் நுட்பமானவைதாம், உண்மையானவைதாம். ஆனால் அவற்றைக் கையாள்வதற்கே நல்ல ஞாபகசக்தி வேண்டியிருக்கிறது என்பது அவன் சொன்னதன் கருத்து. இதை மறைக்காமல் தம் கடிதத்தில் எழுதி உரோமைக்கு அனுப்பியவர் றிச்சி அடிகளாரே.

வாசகர்களே, இங்கே சற்று நின்று சிந்திப்போம். நினைவின் வித்தையைக் கண்டால் உயர்குலத்தார் தம்மிடம் வருவர், வந்தவரிடம் கிறிஸ்துவைப் பற்றிப் பேசலாம் என்று அடிகளார் நம்பினார். அவர்கள் வந்தது உண்மை. ஆனால் பலர் தேடியது பரீட்சைச் சித்தியை. வேறு சிலர் தேடியது வெள்ளியை; இரசத்தை வெள்ளியாக்கும் இரகசியம் அவருக்குத் தெரியும் என்ற வதந்தி எங்கும் பரவியிருந்தது. ஆதாயத்தைத் தேடி வருபவனை அடிகளார் விரட்டவில்லை. அவனோடு அமர்ந்தார். அவன் கேட்டதைக் கொடுத்தார், இல்லாததை இல்லை என்றார், பின்னர் நண்பராயிருந்தார்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் சூ தைசூ. வெள்ளி செய்யக் கற்கவென்று சாவ்சோவுக்கு வந்தவர், கணிதம் கற்று, பல்லாண்டு பழகி, 1605ஆம் ஆண்டில் இஞ்ஞாசி என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். நினைவுக்கலை நூலை எழுதுவதற்குச் சற்று முன்னர் அடிகளார் சீன மொழியில் எழுதிய நூல் நட்பைப் பற்றியது. நட்பைப் பற்றிய நூலே சீனக் கல்விமான்களிடையே மிகுதியாகப் படிக்கப்பட்டது. வித்தை வாசலைத் திறந்தது. வீட்டுக்குள் அமர வைத்தது நட்பு.

தலைநகரில்

1598இல் தலைநகருக்குச் சென்றவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதாயிற்று. திரும்பும் பயணத்தையும் அவர் வீணாக்கவில்லை. இசையறிந்த கத்தானேயோ அடிகளாரின் துணையோடு, சீனச் சொற்களின் ஏற்ற இறக்க ஓசைகளைக் குறிக்க அடையாளங்களை அமைத்தார். ஓசை மாறினால் பொருள் மாறும் மொழி அது.

1601ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் பெய்ஜிங் நகருக்குள் மீண்டும் நுழைந்தார். வான்லி பேரரசருக்கு அவர் கொண்டுசென்ற காணிக்கைகளில் தேவமாதாவின் படமும் தாமாக மணியடிக்கும் மணிக்கூடும் இருந்தன. பேரரசரை அவர் நேரிற் காணவேயில்லை. ஆனால் மணிக்கூட்டைப் பழுதுபார்க்க ஆள் வேண்டியிருந்தது. இப்படியாகத் தலைநகரில் தங்கும் அனுமதி கிடைத்தது. 1602இல் அவர் வெளியிட்ட பெரிய உலகத் தேசப்படம் யப்பானிலும் படியெடுக்கப்பட்டது. 1603இல் இறைவனைப் பற்றிய அவரது பெரும் சீன நூல் அச்சாயிற்று.

அதே ஆண்டில் நான்சிங் நகரில் சூ குவாங்சி என்பவர் பவுல் என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். பரீட்சையில் பலமுறை தோற்று வருந்தியவர் இவர். அடுத்த ஆண்டு உயர் பரீட்சையில் தேறினார். அடிகளாரும் இவரும் சேர்ந்து யூக்கிளிட்டின் கேத்திரகணித நூலின் முதல் ஆறு பகுதிகளையும் சீனத்தில் மொழிபெயர்த்து 1607இல் வெளியிட்டனர். பவுல் பிற்காலத்தில் பேரரசின் உயர்ந்த அமைச்சர்களில் ஒருவரானார்.

1610ஆம் ஆண்டு உயர் பரீட்சை ஆண்டு. தலைநகரில் கூடியிருந்த கல்விமான்கள் அடிகளாரைத் தேடி ஓயாது வந்தனர். வந்தவர் எவரையும் அவர் திருப்பி அனுப்பவில்லை. அவ்வாண்டில்தான் அவரது நண்பர் லி சிசாவ் கடும் நோயுற்றார். அடிகளார் அருகிலிருந்து பராமரித்து, லியோ என்ற பெயரோடு அவருக்குத் திருமுழுக்களித்தார். நண்பர் தேறினார். களைத்துப் போயிருந்த அடிகளார் மே மாதத் தொடக்கத்தில் படுக்கையில் வீழ்ந்து, 11ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். வயது 57. அப்போது சீனாவில் இருந்த கத்தோலிக்கர் சுமார் 2,500 பேர். பேரரசர் அடக்கத்துக்கு நிலம் அளித்தார். அந்நியருக்கு அத்தகைய மரியாதை அரிது. அவருடைய கல்லறை பெய்ஜிங்கில் இன்றும் உள்ளது.

மூதாதையரை மறவாமை

அடிகளாரின் வாழ்வில் நினைவு என்பது இன்னொரு விதத்திலும் இடம்பெறுகின்றது. சீனக் குடும்பங்கள் தம் மூதாதையரின் பெயர்ப்பலகை முன் வணங்கி அவர்களை நினைவுகூருவது வழக்கம். கிறிஸ்தவனாகும் சீனன் இதைக் கைவிட வேண்டுமா? பெரும்பாலும் இது பெற்றோருக்குப் பிள்ளைகள் செய்யும் மரியாதையே, சிலை வழிபாடு அல்ல என்று அடிகளார் கருதினார். அவர் மறைந்த பின் இதுபற்றி நெடிய வாக்குவாதம் எழுந்தது. 1742இல் 14ஆம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் இவ்வழக்கங்களை முடிவாகத் தடைசெய்தார். 1939இல் 12ஆம் பத்திநாதர் பாப்பரசரின் காலத்தில் இத்தடை தளர்த்தப்பட்டது. இடையில் ஏறக்குறைய 200 ஆண்டுகள், கிறிஸ்தவனாயிருப்பதா, பெற்றோரை நினைவுகூரும் பிள்ளையாயிருப்பதா என்ற வேதனை எத்தனையோ வீடுகளில் இருந்தது. நினைவு என்பது விளையாட்டல்ல என்பதை இது காட்டுகிறது.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் பிரான்சிஸ் பாப்பரசர் மத்தேயு றிச்சி அடிகளாரின் வீரத்துவமான புண்ணியங்களை ஏற்று, அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

எங்களுக்கு

வாசகர்களே, அடிகளாரின் மண்டபம் எங்களுக்குப் புதிதல்ல. சிலுவைப்பாதையில் கோவிற் சுவர் ஓரமாகப் பதினான்கு இடங்களில் நின்று நின்று செல்லும்போது நாம் செய்வது என்ன? இடத்துக்கு ஒரு காட்சி. காட்சிக்கு ஒரு சிந்தனை. எழுத வாசிக்கத் தெரியாத எங்கள் பாட்டிமாரும் ஆண்டவரின் பாடுகளை ஒழுங்கு தவறாமற் சொன்னது இப்படித்தான். செபமாலை மணிகளும் அதே வேலையைச் செய்கின்றன. புனித இஞ்ஞாசியார் தமது ஆன்மீகப் பயிற்சிகளில், நற்செய்தி நிகழ்ச்சியின் இடத்தை முதலில் மனக்கண்முன் கொண்டுவரும்படி கற்பித்தார். றிச்சி அடிகளார் அவர் பிள்ளை.

உங்கள் பிள்ளை கடினமான பாடத்தோடு போராடும்போது இந்த உபாயத்தைச் சொல்லிக் கொடுங்கள். வீட்டு விறாந்தையே மண்டபமாகட்டும். துண்டு துண்டாகப் பிரித்து, காட்சியாக்கி, மூலைக்கொன்றாக வைக்கட்டும். ஆனால் அத்துடன் நின்றுவிட வேண்டாம். ஆளுநரின் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கான வித்தை கிடைத்தது. வரலாற்றில் அவர்களின் பெயர் கூட எமக்குப் பழக்கமில்லை. தோற்றுத் தோற்று வந்த பவுல் சூவுக்கு நண்பர் ஒருவர் கிடைத்தார். அந்த நண்பர் வழியாக விசுவாசம் கிடைத்தது. சீனத் திருச்சபை அவரை இன்றும் நன்றியோடு நினைக்கின்றது.

பிள்ளையின் நினைவு மண்டபத்தில் எதை வைக்கிறோம் என்பதைப் பெற்றோராகிய நாமே முதலில் தீர்மானிக்கின்றோம். கதிரும் கத்தியும் ஒரு மூலையில் இருக்கட்டும். உழைப்பும் அதன் பயனும் வாழ்வுக்கு வேண்டியவையே. தாயும் குழந்தையும் இன்னொரு மூலையில் இருக்கட்டும். அந்தத் தாய் தேவமாதாவாகவும், அந்தக் குழந்தை எங்கள் ஆண்டவராகவும் அமைந்துவிட்டால், நன்மை என்ற எழுத்தை அந்தப் பிள்ளை ஒருநாளும் மறவாது.